ஏழு வயதில் பொன்னாடை... பதினேழில் என்ன?

கும்பகோணத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே மயிலாடுதுறை சாலையில் பத்து கிலோமீட்டருக்குள் திருவிடைமருதூர். மேற்கே காவிரிக் கரையை ஒட்டி, கபிஸ்தலம் பக்கம் உமையாள்புரம். இன்னும் மேற்கே போய் தஞ்சாவூரை நெருங்கினால் வையச்சேரி. காலையில் பலகாரம் முடித்துக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான்கு ஊரையும் பார்த்துவிடலாம்.

வையச்சேரியில் 1844-ல் பிறந்த வைத்தியநாதன், 12 வயதில் வித்துவான்கள் நிறைந்த சபையில் பாடி, பெயருக்கு முன்னால் ‘மகா’ என்ற பட்டத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்பினான். பாட்டி ஊரான ஈரோட்டில் 1887-ல் பிறந்து கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், பத்து வயது நிறைவதற்குள் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே முதலாவதாக வந்தான். திருவிடைமருதூர் மகாலிங்கம் 1926-ல் பிறந்தவன். ஏழு வயதில் மயிலாப்பூர் மேடையில் புல்லாங்குழல் வாசித்தான். உமையாள்புரம் சிவராமன் 1935-ல் பிறந்தவன். பத்து வயதில் கும்பகோணம் காளஹஸ்தீஸ்வரர் கோயிலில் மிருதங்க அரங்கேற்றம்.

நூறு வருடத்துக்குள், ஐம்பது கிலோமீட்டருக்குள், நான்கு பையன்கள்.

“எல்லாம் காவிரித் தண்ணி பண்ற வேலை” என்பது டெல்டாக்காரர்களின் பதில். கொஞ்சம் படித்தவர்களானால் பூர்வ ஜென்ம வாசனை என்பார்கள். விட்ட குறை தொட்ட குறை என்பார்கள். இந்த மண்ணில் அப்படிச் சொல்வதற்கு ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலான முன்மாதிரியும் இருக்கிறது. மூன்று வயதில் அம்பிகையின் பால் குடித்துப் பதிகம் பாடியதாகச் சொல்லப்படும் திருஞானசம்பந்தர் சீர்காழிக்காரர். சித்திரை மாதத்தில் அங்கே திருமுலைப்பால் உற்சவம் இன்றும் நடக்கிறது. பேச்சு வராத வயதில் பாட்டு வருவது தெய்வச் செயல் என்ற எண்ணம் டெல்டாவின் இடுப்புக் குழந்தைக்கும் பால் சோற்றோடு ஊட்டப்படுவது.

இந்த விளக்கத்தில் பக்தி இருக்கிறது. ஒரு வசதியும் இருக்கிறது. வரம் கொடுத்தது தெய்வம் என்றால், வளர்க்கும் பொறுப்பும் தெய்வத்துடையது என்று ஊர் கையைத் துடைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன நான்கு பேரின் கதையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பிஞ்சுத் திறமையைக் கண்டுபிடிப்பதில் இந்த ஊர்களுக்கு ஈடு கிடையாது. கண்டுபிடித்த பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயதாகும்போது என்ன செய்வது என்பதில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

கண்டுபிடித்தது எப்படி என்பதை முதலில் பார்க்கலாம். அதில் தெய்வத்தைவிட நெல்லுக்குப் பங்கு அதிகம்.

வண்டல் மண்ணும் ஆற்றுப் பாசனமும் உபரி நெல்லைக் கொடுத்தன. அந்த நெல் கோயிலுக்கும் மடத்துக்கும் மிராசுதார் வீட்டுக்கும் போனது. அங்கிருந்து ஓதுவாருக்கும் நாகஸ்வரக்காரருக்கும் பாகவதருக்கும் படியளந்தார்கள். விளைவு, கோயில் வீதியில் பிறந்த குழந்தை, காசு கொடுக்காமல், தினமும் உயர்தரமான இசையைக் கேட்டது. விடியற்காலையில் தேவாரம், சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்கில் மல்லாரியும் ராகமும், மார்கழியில் பஜனை, நான்கு நாள் கல்யாணத்தில் கச்சேரி. ஆழியூர், திருக்கோடிக்காவல், திருவாவடுதுறை, செம்மங்குடி என்று வித்துவான்களின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ஊர்களில் பலவற்றை வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். அவ்வளவு சின்ன ஊர்கள். ஆனால் குழந்தை தப்பாகப் பாடினால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்குத் தெரியும். சரியாகப் பாடினாலும் தெரியும், அதுதான் முக்கியம்.

வையச்சேரி வைத்தியநாதன் விஷயத்தில் நடந்தது இதுதான். தியாகராஜரின் நேர் சிஷ்யரான மானம்புச்சாவடி வெங்கடசுப்பய்யரிடம் அண்ணன் ராமசாமி சிவனோடு சேர்ந்து பாடம். 1855-ல் தஞ்சை மராட்டிய மன்னர் வம்சம் வாரிசில்லாமல் முடிந்துபோனது. அரண்மனை ஆதரவு சரிய, மடங்கள் அந்த இடத்துக்கு வந்தன. மறு வருடமே, 1856-ல், திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் கல்லிடைக்குறிச்சியில் சபை கூடியது. பெரிய வித்துவான்களுக்கு நடுவில் 12 வயதுப் பையன் பாடி ‘மகா’ ஆனான். அதற்குப் பிறகும் மடத்தின் ஆதரவு நின்றுபோகவில்லை. மகா வைத்தியநாதய்யர் 72 மேளகர்த்தா ராகங்களையும் கோத்து ராகமாலிகை செய்தார். 1893-ல் காலமாகும் வரை உச்சத்தில் இருந்தார்.

அவர் வாழ்க்கையை நூலாக எழுதிய உ.வே.சாமிநாதய்யரையும் இதே சுப்பிரமணிய தேசிகர்தான் தாங்கினார். உத்தமதானபுரத்துப் பையன் உ.வே.சா. 16 வயதில் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1876-ல் ஆசிரியர் மறைந்த பிறகும் மடம் அவரை வெளியே விடவில்லை. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைக்கும் வரை சாப்பாடு, தங்க இடம், சுவடிகள், தமிழ் பேச ஆள் எல்லாம் அங்கேயே. உ.வே.சா.வை யாரும் குழந்தை மேதை என்று சொல்வதில்லை. ஆனால் பதினாறு முதல் இருபத்தைந்து வரை ஒரு நிறுவனம் ஒருவரைச் சோறு போட்டுக் காப்பாற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சங்க இலக்கியப் பதிப்புகளைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

உ.வே.சா. 1903-ல் கும்பகோணத்தை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். 1904-ல் அதே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் சேர்ந்தார். ஒருவரை ஒருவர் தவறவிட்டார்கள்.

ராமானுஜன் என்றதும் 1729 டாக்ஸி எண் கதையைத் தொடங்குவது வழக்கம். தமிழ்நாட்டில் அதைக் கேட்காதவர் இல்லை என்பதால் இங்கே விட்டுவிடலாம். கும்பகோணத்தில் நடந்ததைத்தான் நாம் சரியாகக் கவனிக்கவில்லை.

அப்பா சீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிக் கொஞ்சம் சம்பாதித்தார். வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டதிலும் கொஞ்சம் வந்தது. அந்த வாடகைப் பையன்கள்தான் ராமானுஜனின் முதல் கணித வாத்தியார்கள். அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கறந்து முடித்த பிறகு, கல்லூரிப் பாடமான லோனியின் திரிகோணமிதிப் புத்தகத்தைக் கடன் வாங்கி, பதின்மூன்று வயதுக்குள் முடித்தான். சைன், கொசைன் சார்புகளைப் பற்றித் தானே ஒன்றைக் கண்டுபிடித்தபோது அடைந்த பெருமை ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அது ஆய்லர் என்பவர் ஏற்கெனவே கண்டதுதான் என்று தெரிந்ததும் எழுதிய தாள்களைக் கூரையில் செருகி ஒளித்துவைத்தான்.

தாள் விலை அதிகம். அதனால் சிலேட்டுப் பலகை. ஒரு கணக்கு முடிந்ததும் துணியைத் தேடி எடுத்து அழிப்பதற்குப் பொறுமை கிடையாது, முழங்கையாலேயே அழிப்பான். முழங்கைத் தோல் கறுத்துக் காய்த்துப்போனது. முடிவு மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். வந்த வழி சிலேட்டோடு போய்விடும். பின்னாளில் உலகக் கணித அறிஞர்கள் அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு, ‘இதை எப்படி வந்தடைந்தார்?’ என்று பல பத்தாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டதற்குத் தாள் விலையும் ஒரு காரணம்.

டவுன் ஹைஸ்கூல் அவனைக் கொண்டாடியது. சுமார் 1,200 மாணவர்களை 35 ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலையை மூத்த கணித ஆசிரியர் அவனிடம்தான் ஒப்படைத்தார். 1904 பரிசளிப்பு விழாவில் ரங்கநாத ராவ் பரிசைக் கொடுத்த தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி அய்யர், நூற்றுக்கு நூறு போட்டாலும் இவனுக்குப் போதாது என்ற பொருளில் பேசினார். கல்லூரிக்கு உதவித்தொகையும் கிடைத்தது.

அடுத்த வருடம் எல்லாம் கவிழ்ந்தது.

கல்லூரியின் எஃப்.ஏ. வகுப்பில் ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய வரலாறு, உடலியல் எல்லாம் உண்டு. அதற்குள் ராமானுஜன் கையில் கார் (Carr) என்பவரின் கணிதத் தொகுப்பு நூல் சிக்கியிருந்தது. சுமார் 5,000 சூத்திரங்கள். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணமே கிடையாது. எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் மனசு அதிலேயே இருந்தது. மற்ற பாடங்களில் மதிப்பெண் சரிய, உதவித்தொகை போனது. ஒரு பருவக் கட்டணம் 32 ரூபாய். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல். 1905 ஆகஸ்டில், 17 வயதில், வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார். திரும்ப அழைத்து வந்து சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்த்தார்கள். 1906-ல் ஒரு தோல்வி, 1907-ல் இன்னொரு தோல்வி. அதோடு படிப்பு முடிந்தது.

அதற்குப் பிறகு வேலை தேடி அலைந்த வருடங்கள். 1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி அய்யர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதும்போது வயது 25. அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

ராமானுஜன் 32 வயதில் இறந்ததை எண்ணி நாம் கண்ணீர் விடுகிறோம். ஹார்டியின் கணிப்பு வேறு. உண்மையான சோகம் அகால மரணம் இல்லை. கணித மேதைக்கு உயிர்நாடியான பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையிலான வயதில், ஐந்து வருடம் அந்த மேதைமை வழி தெரியாமல் திசை மாறிப் போனதுதான் என்று அவர் எழுதினார். அந்த ஐந்து வருடத்துக்கு வியாதியைக் குற்றம் சொல்ல முடியாது. ஏகப்பட்ட பாடங்களில் ஒன்றாகக் கணிதத்தையும் வைத்திருந்த தேர்வுமுறை, அதை மீறி ஒரு பையனைத் தாங்கிப் பிடிக்க ஒரு மடமோ மிராசுதாரோ முன்வராத ஊர், இரண்டும்தான் பொறுப்பு.

பாட்டுக்காரப் பையன் என்றால் தாங்க ஆள் இருந்தது. கணக்குப் போடுகிறவனுக்கு இல்லை. ஏன்? பாட்டு எல்லோர் காதிலும் விழும். கணக்கு விழாது. கோயில் வீதியில் எத்தனையோ பேருக்கு நல்ல பைரவி எது என்று தெரியும். தொடர் பின்னத்தில் எது நல்லது என்று கும்பகோணத்தில் யாருக்குத் தெரியும்?

சரி, பாட்டுக்காரப் பையன்கள் எல்லோரும் கரையேறினார்களா என்றால் அதுவும் இல்லை.

திருவிடைமருதூர் மகாலிங்கத்துக்கு மாமா ஜால்ரா கோபாலய்யர் சொல்லிக் கொடுத்தது வாய்ப்பாட்டு. பையன் கை புல்லாங்குழலுக்குப் போனது, ஐந்து வயது. குழலுக்கென்று தனி குரு கிடையாது. காதில் விழுந்ததைக் குழலில் தேடி எடுத்ததுதான் பாடம். 1933-ல் மயிலாப்பூர் தியாகராஜ உற்சவத்தில் முதல் கச்சேரி. கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே முசிரி சுப்பிரமணிய அய்யரும் பரூர் சுந்தரமய்யரும் மேடை ஏறிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏழு வயதில், மூத்த வித்துவான்கள் கையால்!

தென்னிந்தியப் புல்லாங்குழலைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவரும் கும்பகோணத்துக்காரரே. கண்பார்வை இல்லாத சரப சாஸ்திரிகள். 1872-ல் பிறந்து 1904-லேயே போய்விட்டார். அவருடைய சிஷ்யர் பல்லடம் சஞ்சீவ ராவின் வழி அப்போது கோலோச்சிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பையன் அந்த வழியில் போகவில்லை. தடித்த மூங்கில், வேறு விதமான விரலடக்கம், உதட்டை அசைத்து ஊதும் முறை என்று தானே ஒன்றை உண்டாக்கினான். அதுவரை பெரும்பாலும் விட்டு விட்டுக் கேட்ட குழலில் மிடற்றுப் பாட்டின் கமகம் கேட்டது. ‘மாலி’ என்ற இரண்டெழுத்துக்கு அரங்கம் நிரம்பியது. பாலக்காடு மணி அய்யர் மிருதங்கம் வாசித்தார். இன்று மேடையில் கேட்கும் கர்னாடகப் புல்லாங்குழலில் பெரும்பகுதி மாலி போட்ட பாதை.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதை ரசிகர்கள் இன்றும் பாதிச் சிரிப்பும் பாதி வருத்தமுமாகச் சொல்வார்கள். டிக்கெட் விற்றுத் தீர்ந்திருக்கும், மாலி வரமாட்டார். வந்தால் நேரம் கழித்து வருவார். சில நாள் பாதியில் எழுந்து போய்விடுவார். சில நாள் வாசித்தால், கேட்டவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். குடிப்பழக்கம் சேர்ந்துகொண்டது. நடுவில் பல காலம் மேடையை விட்டே விலகியிருந்தார். அமெரிக்காவில் சில வருடம் இருந்தார். 1986 மே 31-ல் 59 வயதில் மறைந்தார்.

ஏழு வயதில் போர்த்திய பொன்னாடைதான் இதற்கெல்லாம் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. குடித்தவர்கள் எல்லோரும் குழந்தை மேதைகளும் அல்ல. ஆனால் ஒரு குழந்தை, விளையாட வேண்டிய வயதில் ஊர் ஊராக ரயிலேறி, பெரியவர்கள் கைதட்டலுக்காக வாசித்து, வீட்டின் வருமானமாகவும் ஆகிவிட்டால், ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அதற்கு எப்போது கிடைக்கும்? மாலி அதைப் பெரியவரான பிறகு, டிக்கெட் வாங்கியவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார் என்று தோன்றுகிறது.

அவருடைய முதன்மைச் சிஷ்யர் திருவாரூர் என்.ரமணியும் எட்டு வயதில் மேடை ஏறியவர்தான். முதல் பாடம் தாத்தா ஆழியூர் நாராயணசாமி அய்யரிடம். ரமணி அறுபது வருடத்துக்கு மேல் ஒழுங்காக வாசித்தார், சங்கீத கலாநிதி பெற்றார், சிஷ்யர்களை உருவாக்கினார், 80 வயது வரை வாழ்ந்தார். ரமணிக்குத் தாத்தா இருந்தார், பிறகு மாலி இருந்தார். மாலிக்கு மாலிதான்.

உமையாள்புரம் சிவராமனின் வழி இன்னும் தெளிவானது. அப்பா டாக்டர், இசை தெரிந்தவர். பத்து வயதில் அரங்கேற்றம் ஆன பிறகும் பையனைக் கச்சேரிக் கச்சேரியாக அனுப்பவில்லை. ஆறுபாதி நடேசய்யர், தஞ்சாவூர் வைத்தியநாதய்யர், பாலக்காடு மணி அய்யர், கும்பகோணம் ரங்கு அய்யங்கார் என நான்கு குருமார். மொத்தம் பதினைந்து வருடம். நடுவில் பி.ஏ., பி.எல். பட்டமும். 2010-ல் பத்ம விபூஷண் வாங்கியபோது, மேடை ஏறி அறுபத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழியை டெல்டா விவசாயி முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டார். நாற்றங்காலில் பச்சைப் பசேல் என்று நிற்கிற நாற்றைப் பார்த்து யாரும் மகசூல் கணக்குப் போடுவதில்லை. உரிய நாளில் பறித்து நட வேண்டும். அதன் பிறகு, கதிர் பொதிகட்டிப் பால் பிடிக்கிற சமயத்தில் தண்ணீர் இல்லாவிட்டால், அடித்துத் தூற்றும்போது மிஞ்சுவது பதர்.

இது டெல்டாவுக்கு மட்டுமான கணக்கல்ல. அமெரிக்காவில் 1909-ல், 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தான் வில்லியம் சைடிஸ். நான்கு பரிமாண வடிவங்களைப் பற்றிப் பேராசிரியர்களுக்கே உரை நிகழ்த்தினான். பத்திரிகைகள் துரத்தின. பெரியவனானதும் கணிதத்தை விட்டு ஓடி, சின்னச் சின்ன அலுவலக வேலைகளில் ஒளிந்து, 1944-ல் 46 வயதில் இறந்தார். ஏழு வயதில் மேடை ஏறிய வயலின் மேதை யெகூதி மெனுகின், இளமை கடந்ததும் கை வராமல் திண்டாடி, எப்படி வாசிக்கிறோம் என்பதையே முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1963-ல் இங்கிலாந்தில் அவர் இளம் இசைக் கலைஞர்களுக்காகவே ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-ல் கலிபோர்னியாவில் சுமார் 1,500 அதிபுத்திசாலிக் குழந்தைகளைத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்து, அவர்கள் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்தார். பலர் நல்ல நிலைமைக்கு வந்தார்கள். நோபல் பரிசு ஒருவருக்கும் வரவில்லை. அந்தத் தேர்வில் மதிப்பெண் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பையன்களில் இரண்டு பேர் நோபல் வாங்கினார்கள்: வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். சலித்து எடுப்பவர்கள் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

டெல்டாவிலும் அப்படித் திருப்பி அனுப்பப்பட வேண்டியவர் ஒருவர் இருந்தார். செம்மங்குடி சீனிவாசய்யருக்குச் சின்ன வயதில் குரல் படுமோசம். கொட்டாங்கச்சியைப் பாறையில் தேய்க்கிற மாதிரி என்று கேலி செய்தார்கள். அண்ணன் முறையான செம்மங்குடி நாராயணசாமி அய்யரிடமும், திருவிடைமருதூர் சகாராம ராவ், உமையாள்புரம் சுவாமிநாதய்யர், மகாராஜபுரம் விசுவநாதய்யரிடமும் வருடக்கணக்கில் அசுர சாதகம். 1947-ல் சங்கீத கலாநிதியான போது வயது 39. தொண்ணூறு தாண்டியும் பாடினார். பத்து வயதில் அவரை யாராவது ‘திறன் தேடல்’ செய்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இங்கே வந்த பெயர்களில் பெரும்பாலானவை அக்கிரகாரத்திலிருந்து வந்தவை. நாகஸ்வரம், தவில், சதிர் என்று இசை வேளாளர் குடும்பங்கள் தந்த பட்டியல் அதே அளவு நீளமானது. தஞ்சை அரண்மனை இசைக்காரி பாப்பம்மாளின் வழி வந்த நாட்டியக் கலைஞர் பாலசரசுவதி 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். அவருடைய குரு கந்தப்ப பிள்ளை தஞ்சை நால்வர் பரம்பரை. ஆனால் இரண்டு பட்டியலுக்கும் வெளியே, அந்த உபரி நெல்லை விளைவித்த நடவாள், அறுப்பாள் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். சேற்றில் நின்று பாடிய குழந்தையின் சுருதி சுத்தமாக இருந்ததா என்று கேட்க எந்த வித்துவானும் வரப்பில் உட்காரவில்லை. மேதைகள் சில தெருக்களில் மட்டும் பிறந்தார்கள் என்பதல்ல. சில தெருக்களில் மட்டும் தேடினார்கள்.

இப்போது தேடும் இடம் மாறிவிட்டது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் ஊர் ஊராகப் போய் குழந்தைகளைப் பிடிக்கின்றன. அந்தக் காலத்துப் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளின் மறுபிறவி என்று சொல்லலாம். கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எம்.ஜி.ஆரை வறுமை மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு அனுப்பியதும் அப்படித்தான். பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு மகரக்கட்டு என்றால் நடுக்கம். குரல் உடைந்தால் அதுவரை கிடைத்த வேஷமும் கைதட்டலும் போகும். இன்றைய குழந்தைப் பாடகருக்கும் அதே பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அதே குரல் உடைகிறது. அடுத்த சீசனுக்கு அடுத்த குழந்தை தயாராக இருக்கிறது.

ஒரு வித்தியாசம், இப்போது சட்டம் இருக்கிறது. 2016 குழந்தைத் தொழிலாளர் திருத்தச் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த விதிகளின்படி, படப்பிடிப்பில் குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். படிப்பு கெடக் கூடாது. பிள்ளையை ஆடிஷனுக்குக் கூட்டிப்போகும் பெற்றோரில் எத்தனை பேர் அந்த 20 சதவீதத்தைப் பற்றி வாய் திறந்து கேட்கிறார்கள்?

செஸ்ஸில் நிலைமை மேல். பிரக்ஞானந்தா 2018-ல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன். இருவரும் சென்னை. அங்கே பயிற்சியாளர், ஸ்பான்சர், போட்டி, அரசுப் பரிசு என்று பதினேழு வயதுக்கும் ஏணி இருக்கிறது. டெல்டாவில் பாட்டுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் ஐந்து வயதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் 12 வயது முதல் சேரலாம். மேலே படிக்கத் திருவையாறு அரசு இசைக் கல்லூரி. நாகஸ்வரம், தவில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இவை பெரிய உதவி.

கணக்குப் போடும் பிள்ளைக்கு? சாஸ்த்ரா பல்கலைக்கழகம் ராமானுஜன் வீட்டை வாங்கிப் பராமரிக்கிறது. 2005 முதல் வருடந்தோறும் கும்பகோணத்தில் ராமானுஜன் பரிசு கொடுக்கிறது, 10,000 டாலர், 32 வயதுக்கு மேல் கிடையாது. முதல் வருடம் பரிசு பெற்றவர்கள் மஞ்சுள் பார்கவா, கண்ணன் சௌந்தரராஜன். உலகத் தரம், சந்தேகமில்லை. ஆனால் அது ஏற்கெனவே கரையேறியவர்களுக்கு. திருப்பனந்தாளிலோ வலங்கைமானிலோ அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கு இருப்பது ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர்கள், 50 மாணவிகள். கிடைக்கும் தொகை வருடத்துக்கு 1,000 ரூபாய். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசியத் தேர்வில் வென்றால் வருடத்துக்கு 12,000. 2023-ல் வந்த முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, தேர்வான ஆயிரம் பேருக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை வருடம் 10,000 தருகிறது. பதினேழு வயதைத் தாண்டிக் கைகொடுக்கும் திட்டம் என்பதால் இதை மனதாரப் பாராட்டலாம். ஊரகத் தேர்வின் அந்த ஆயிரம் ரூபாயை உயர்த்துவதை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.

ஆனாலும் எல்லாத் திட்டத்துக்கும் வாசல் தேர்வுதான். கணிதத்தில் நூறு வாங்கி மற்றதில் கவிழ்கிற பிள்ளைக்கு இவற்றில் எதுவும் கைகொடுக்காது. அப்படி ஒரு பிள்ளை உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். இருந்தால், ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்த வேண்டாம். அடுத்த நான்கு வருடத்துக்குக் கல்லூரிக் கட்டணத்தையும் சாப்பாட்டையும் யார் பார்த்துக்கொள்வது என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.